மரத்தைச் சுற்றி மண் நிரப்பாதீர்கள்: இளம் நிலவடிவமைப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன இளையவர் ஒருவரின் வரைபடத்தை அண்மையில் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு முதிர்ந்த மரத்தைச் சுற்றி 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் நிரப்பி, தண்டைச் சுற்றி அழகான கல்வளையம் ஒன்றைப் போட்டிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் அதே வளையத்தை நானும் வரைந்தேன். அதனால் ஒரு மரம் பட்டுப்போனது. இதை எழுதத் தூண்டியது அந்த வரைபடம்தான். அளவுகோலைக் குறிக்க மறப்பது, வடதிசையைக் காட்டாமல் விடுவது, தாவரப் பெயரைப் பிழையாக எழுதுவது போன்றவற்றை மூத்தவர்கள் முதல் வாரத்திலேயே திருத்திவிடுவார்கள் என்பதால், அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

மட்டங்களைக் கடைசிக்கு ஒதுக்குதல்

புதிதாக வருபவர்கள் முதலில் பாதையை வரைகிறார்கள், பிறகு இருக்கைகளை, பிறகு செடிகளை. மட்டங்களை, அதாவது தரை ஒவ்வோரிடத்திலும் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை, எழுதுவது கடைசி நாள் வேலையாகிவிடுகிறது. சக்கர நாற்காலி 60 சென்டிமீட்டர் உயரம் ஏற வேண்டுமானால், பரவலாக ஏற்கப்பட்ட 1:12 சாய்வில் 7.2 மீட்டர் நீளமும், இரு முனைகளிலும் சமதளமும் தேவை என்பது அன்றைக்குத்தான் உறைக்கிறது. வரைபடத்திலோ 3 மீட்டர்தான் மிச்சமிருக்கும். மழைநீருக்கும் இதே கதிதான். கல் பாவிய தரைக்கு 2 சதவீத வாட்டம் கொடுத்தால், 10 மீட்டர் அகலமுள்ள முற்றத்தின் ஒரு விளிம்பு மற்றதைவிட 20 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். தாழ்கிற விளிம்பு எந்தப் பக்கம் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யாவிட்டால், தண்ணீர் வாசற்படியில் வந்து நிற்கும்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்காக 1858இல் பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வெர்ட் வாக்ஸும் அளித்த திட்டத்தில், பூங்காவைக் குறுக்கே கடக்கும் நான்கு சாலைகளையும் பூங்காவின் மட்டத்துக்குக் கீழே இறக்கியிருந்தார்கள். நகரப் போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே பூங்கா இடையறாமல் தொடர்வதாகக் கண்ணுக்குத் தோன்றுவது அந்த ஒரு மட்ட முடிவால்தான். செடிகளை மட்டும் வைத்து அதைச் சாதித்திருக்க முடியாது.

இருக்கும் மரத்தை வெறும் வட்டமாகப் பார்த்தல்

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை உறுத்துகிற தவறு இதுதான். நான் வரைந்தது ஒரு பொதுக் கட்டடத்தின் முகப்பு. உள்ளே நுழையும் தரை, வெளிநிலத்தைவிட 45 சென்டிமீட்டர் உயரமாக இருந்தது. வாசலிலிருந்து 6 மீட்டர் தொலைவில், தண்டின் விட்டம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் கொண்ட பழைய மரம் ஒன்று நின்றது. படிகளே இல்லாமல் மக்கள் உள்ளே செல்ல வேண்டும் என்ற எண்ணத்தில், முற்றம் முழுவதையும் மண்கொட்டி வாசல் மட்டத்துக்கு உயர்த்தினேன். தண்டைச் சுற்றி ஒரு மீட்டர் இடம் விட்டுக் கல்சுவர் எழுப்பி, மரத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே நம்பினேன். திறப்பு விழாவில் எல்லோரும் அந்த மரத்தடியில்தான் நின்றார்கள்.

முதல் ஆண்டில் எந்த மாற்றமும் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில் இலைகள் சிறுத்தன. மூன்றாம் ஆண்டில் உச்சிக் கிளைகளின் நுனிகள் காய்ந்தபோது, பூச்சி என்று ஒருவரும் நோய் என்று இன்னொருவரும் சொன்னார்கள். நான் ஒரு சிறு மண்வெட்டியோடு போய், கல்சுவருக்கு வெளியே தோண்டினேன். நிரப்பிய மண்ணுக்கு அடியில் பழைய தரை சாம்பல் நிறமாக மாறி, தேங்கிய குட்டையின் புளித்த நாற்றம் அடித்தது. விரல் தடிமனுள்ள ஒரு வேரைப் பிடித்து இழுத்தபோது, அதன் தோல் உறைபோலக் கழன்று என் கையோடு வந்துவிட்டது.

பலரும் நினைப்பதுபோல மரத்தின் வேர்கள் கிளைகளின் தலைகீழ்ப் பிம்பமாக ஆழத்தில் இறங்குவதில்லை. பெரும்பாலானவை மேல்மண்ணின் 60 சென்டிமீட்டருக்குள்ளேயே, கிளைகளின் நிழலையும் தாண்டிப் பக்கவாட்டில் பரவுகின்றன; நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அதிலும் மேலேயே இருக்கின்றன. அவற்றுக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். மேலே மண்ணைக் கொட்டி, அதன்மீது பொக்லைனை ஓட்டி இறுக்கினால், மண்ணின் நுண்துளைகள் அடைபட்டு வேர்கள் மூச்சுத் திணறுகின்றன. மரம் உடனே வாடுவதில்லை. தண்டிலும் வேரிலும் சேமித்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டு சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறது. இதனால்தான், தவறு செய்தவர் அடுத்த வேலைக்குப் போன பிறகு மரம் சாகிறது. அவர் தன் தவறை அறியாமலேயே அதை இன்னோரிடத்திலும் செய்கிறார்.

கட்டுமானப் பணியிடங்களில் மரங்களைக் காப்பதற்கான பிரிட்டனின் பிஎஸ் 5837 தரநிலை, 1.5 மீட்டர் உயரத்தில் அளந்த தண்டு விட்டத்தின் 12 மடங்கை வேர்க் காப்புப் பகுதியின் ஆரமாகக் கொள்ளச் சொல்கிறது. என் மரத்துக்கு அது 8.4 மீட்டர். நான் விட்டுவைத்ததோ தண்டிலிருந்து 1 மீட்டர். மரம் இல்லாத பக்கத்தில் 12 மீட்டர் இடம் காலியாகவே இருந்தது. 45 சென்டிமீட்டர் ஏறுவதற்கு 1:20 சாய்வில் 9 மீட்டர் பாதை போதும். அந்தப் பக்கம் பாதையை ஏற்றியிருந்தால், முற்றத்தைத் தொட்டிருக்கவே வேண்டாம். இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் ஆகாது. நான் அதைப் போடவில்லை.

ஆகவே, மரத்தை வரைபடத்தில் ஏற்றும்போதே அதன் வேர்க் காப்பு வட்டத்தையும் வரையுங்கள். அதற்குள் மண்ணைக் கூட்டுவதோ வெட்டுவதோ கூடாது. மின்கம்பிக்கும் குழாய்க்குமான பள்ளங்களையும் அதற்கு வெளியே கொண்டுபோங்கள். எந்த இயந்திரமும் பணியிடத்துக்குள் வருவதற்கு முன்பே வேலி நிற்க வேண்டும் என்று ஒப்பந்த ஆவணத்தில் எழுதுங்கள். கனரக வண்டியின் முதல் சில ஓட்டங்களிலேயே மண் பெரும்பாலும் இறுகிவிடும் என்பதால், பிறகு போடும் வேலியால் அதிகப் பயனில்லை. சிமெண்டு மூட்டைகளை அடுக்குவதற்கு மரநிழலைத்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புதிய மரங்களை ஆழமாக நடவிடுதல்

தண்டு அகன்று வேராகப் பிரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். தெரியாவிட்டால், ஒப்பந்ததாரர் முகம் சுளித்தாலும் மீண்டும் நடச் சொல்லுங்கள்.

வாய்மொழி ஒப்புதல்

யாராவது ஒரு மாற்றத்துக்கு வாய்மொழியாக ஒப்புக்கொண்டால், அதை அன்று மாலைக்குள் அவருக்கே எழுதி அனுப்புங்கள்.

நாற்றங்காலுக்குப் போகாமல் மரம் தேர்ந்தெடுத்தல்

படத்தை மட்டும் பார்த்து எந்த மரத்தையும் ஒருபோதும் ஏற்காதீர்கள்.

பராமரிப்பவரிடம் பேசாமல் வரைதல்

வடிவமைப்பு முடிவதற்குள், அந்த இடத்தைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளப் போகிறவரோடு ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். நான் 1:2 சாய்வில் புல்மேடு ஒன்றை வரைந்திருந்தபோது, ஒரு தோட்டப் பணியாளர் அதன் வெட்டுப்படத்தை (குறுக்கே வெட்டினால் தெரியும் பக்கத் தோற்றத்தை) பார்த்துவிட்டு, "இதன்மேல் புல்வெட்டும் இயந்திரத்தோடு நான் எப்படி நிற்பது?" என்று கேட்டார். இயந்திரத்தால் வெட்டும் புல்லுக்கு 1:3 சாய்வே மேல்வரம்பு என்று பாடத்தில் படித்திருந்தும், வரையும்போது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. அவரே அந்தத் தாளில் விரல் வைத்து, தண்ணீர்க் குழாய் எட்டாத இரண்டு பாத்திகளையும், தள்ளுவண்டி திரும்ப முடியாத ஒரு மூலையையும் காட்டினார். அடுத்த நாள் மூன்றையும் மாற்றி வரைந்தேன்.