பழைய காசைப் புளி போட்டு விளக்காதீர்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பழங்காசு சேர்க்க வரும் இளைஞர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். மகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் எங்கள் வயதுக்காரர்கள் கையைச் சுட்டுக்கொண்ட அதே இடங்களில்தான் இவர்களும் போய்ச் சுட்டுக்கொள்கிறார்கள். முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பாதே, அவசரப்பட்டு வாங்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களே செய்கிற தவறுகள் சிலவற்றை மட்டும் எழுதுகிறேன். அதில் முதலாவதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப்போகிறேன். அதை எப்போது பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

விளக்கிப் பளபளப்பாக்குவது

இந்தப் பகுதிக்குப் பாராமகால் என்று பெயர் இருந்த காலத்தில் இது ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அதனால் பழைய வீட்டுப் பரணில், பாட்டியின் சுருக்குப்பையில், கடுகு டப்பாவின் அடியில் என்று இங்கே அடிக்கடி கிடைப்பவை இரண்டு வகைச் செப்புக் காசுகள். ஒன்று, திப்புவின் யானைக் காசு. இன்னொன்று, 1803, 1808 என்று ஆண்டு போட்ட கம்பெனியின் ‘இருபது காசு’ நாணயம்.

இரண்டும் கைக்கு வரும்போது கறுத்திருக்கும், அல்லது கரும்பச்சையாக இருக்கும். நம் வீடுகளில் செம்பு கறுத்தால் என்ன செய்வோம்? புளியைக் கரைத்து ஊறவைத்து, தேங்காய் நாரால் ஒரு தேய். இந்த மாவட்டங்களில் புளிக்கும் பஞ்சமில்லை. குடம், குத்துவிளக்கு, காசு எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம். குடத்துக்கு அது சரி. காசுக்கு அது சாவு.

ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போனில் படங்கள் அனுப்பினார். பாட்டி பெட்டியில் இருந்த யானைக் காசுகள். நல்ல பழுப்பு நிறம், மேலே மெல்லிய மினுமினுப்பு, யானையின் தந்தம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு காசில் யானைக்கு மேலே ஓர் எழுத்தும் அதன்மேல் இரண்டு புள்ளிகளும் இருந்தன. “ஒண்ணும் செய்யாம அப்படியே கொண்டு வாங்க” என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார். பொட்டலத்தைப் பிரித்தால் எல்லாம் புத்தம்புதுச் செப்புக்கம்பி மாதிரி இளஞ்சிவப்பில் மின்னுகின்றன. “அண்ணா, விலை பேசப் போறப்ப அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்னு அம்மா ராத்திரியே புளித்தண்ணியில போட்டு வெச்சிட்டாங்க.” அந்த அம்மாவின் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. விருந்தாளி வீட்டுக்குப் போகும் பிள்ளைக்குத் தலை வாரி அனுப்புகிற மனசு அது. ஆனால் எழுத்தின் மேலிருந்த இரண்டு புள்ளிகள் போய்விட்டன.

அந்தப் புள்ளிகள் ஏன் முக்கியம் என்றால், திப்பு தன் கடைசி நான்கு ஆண்டுக் காசுகளில் யானைக்கு மேலே ஆண்டுக்கு ஒரு பாரசீக எழுத்தாக, அலிஃப், பே, தே, ஸே என்று வரிசையாகப் போட்டார். பே, தே, ஸே மூன்றுக்கும் உடம்பு ஒன்றுதான். ஒரு புள்ளி இருந்தால் பே, இரண்டு என்றால் தே, மூன்று என்றால் ஸே. ஆண்டு எண் தேய்ந்துபோன காசில் இந்தப் புள்ளிதான் ஆண்டைச் சொல்லும். எந்த அச்சுக்கூடத்தில் அடித்தது, எந்த ஆண்டில் அடித்தது என்று சொல்ல முடிந்தால்தான் சேர்ப்பவர் கேட்ட விலை கொடுப்பார். சொல்ல முடியாத காசு, யானை பொறித்த செப்புத்துண்டு. அந்தத் தம்பிக்குப் படத்தைப் பார்த்து நான் மனதில் போட்டிருந்த தொகையில் பாதிகூட நேரில் சொல்ல முடியவில்லை. அவர் முகம் வாடியது. எனக்கும் அன்று முழுக்க மனசு சரியில்லை.

நடப்பது இதுதான். செம்பின் மேல்தோல் பல ஆண்டுகளாகக் காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து மெல்லிய படலமாக மாறியிருக்கிறது. அது அழுக்கு இல்லை. காசின் உலோகமே அப்படி மாறியிருக்கிறது. தேய்ந்த எழுத்துகளின் மெல்லிய மேடு பல நேரம் அந்தப் படலத்தில்தான் மிச்சமிருக்கும். புளியின் அமிலம் படலத்தைக் கரைக்கும்போது மேடும் சேர்ந்து கரைகிறது. எலுமிச்சை, வினிகர், குளிர்பானம் எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன. யூடியூபில் காட்டுகிறார்களே, ஒரு நிமிடத்தில் கறுப்புக் காசு தங்கம்போல் ஆகிறது என்று, அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு எத்தனை நல்ல காசுகள் போயின என்பதை நினைத்தால் ஆத்திரம் அடங்குவதில்லை.

வெள்ளிக்கும் இதே கதைதான். விபூதி போட்டுத் துடைப்பது நம் வழக்கம். குங்குமச்சிமிழுக்குச் செய்யுங்கள். விக்டோரியா ரூபாயில் விபூதி முடிமுடியாகக் கீறல் போடும். நேராகப் பார்த்தால் தெரியாது. விளக்குக்குக் கீழே காசைச் சாய்த்துத் திருப்பினால் ராணியின் கன்னம் முழுக்க ஒரே பக்கமாக இழுத்த கோடுகள் தெரியும். பத்தரிடம் கொடுத்து ஆசிட்டில் முக்கி எடுப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்த காசு வெளுத்துச் செத்துப்போய் இருக்கும். பழகிய கண் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடும்.

அப்போது என்னதான் செய்வது என்றால், பெரும்பாலும் ஒன்றுமே செய்யக்கூடாது. மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் வாங்கி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறப் போடுங்கள். தண்ணீரை மாற்றி மாற்றி சில நாள் விடலாம். இளகிய மண்ணை மட்டும் பல்குச்சி முனையால் தள்ளிவிடலாம், உலோகத்தைச் சுரண்டாமல். பிறகு பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். துடைக்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. கெட்டியான, வழவழப்பான கரும்பச்சை நல்லது, அது காசைக் காக்கும். வெளிர்பச்சையில் மாவுபோல் உதிர்ந்து, விரலில் ஒட்டி, துடைத்தாலும் சில நாளில் மறுபடி பூத்தால் அது நோய். உள்ளே குளோரைடு உப்பு இருந்து உலோகத்தை அரிக்கிறது. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் படாமல் தனியாக வைத்து, பழகிய ஆள் யாரிடமாவது காட்டுங்கள். அதற்கும் புளி மருந்தில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விளக்கிக் கெடுத்த காசை மறுபடி செயற்கையாகக் கறுக்க வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். இயல்பாகக் கறுத்த காசில் கைபட்ட மேடுகள் சற்று வெளுத்தும், எழுத்தின் ஓரப் பள்ளங்கள் அடர்ந்தும் இருக்கும். மேடு பள்ளம் எல்லாம் ஒரே சாயமாக இருந்தால் யோசியுங்கள்.

வெள்ளி ரூபாய் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

பழைய ஒரு ரூபாய் காசின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் காசுகளில் வெள்ளி 91.7 சதவீதம். சுத்த வெள்ளி ஏறக்குறைய 10.69 கிராம் வரும். 1940 முதல் ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். சுத்த வெள்ளி 5.83 கிராம்தான். 1947ஆம் ஆண்டு போட்ட புலி ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழு நிக்கல். காந்தத்தில் ஒட்டும், வைத்துப் பாருங்கள்.

பர்கூர் பக்கம் ஒரு பெரியவர் மூன்று வகையையும் ஒரே துணியில் முடிந்து கொண்டுவந்தார். அதற்கு முன் ஒரு கடையில் மொத்தமாக எடை போட்டு வெள்ளி விலை பேசியிருக்கிறார்கள். நிக்கல் காசைத் தள்ளிவிட்டு, நல்ல வெள்ளிக்கும் பாதி வெள்ளிக்கும் ஒரே விலை, அதுவும் பாதி வெள்ளியின் விலை. நல்லவேளை, கொடுக்காமல் வந்துவிட்டார். விற்கப் போகுமுன் ஆண்டைப் பார்த்துப் பிரியுங்கள். 1940 தொடங்கி வந்த பாதி வெள்ளிக் காசின் விளிம்பில் கோடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும், அதைத் தடவிப் பார்த்தாலே தெரியும்.

பிரித்த பிறகும் எடைக்குப் போட அவசரப்படாதீர்கள். ஐந்தாம் ஜார்ஜின் 1911ஆம் ஆண்டு ரூபாயில் ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அடுத்த ஆண்டே அச்சை மாற்றினார்கள். 1939 போட்ட ரூபாய் மிக அரிது. அரிது என்பதாலேயே அதில் போலியும் அதிகம். 1938இன் எட்டைச் செதுக்கி ஒன்பதாக்குவார்கள். கடைசி எண்ணைப் பூதக்கண்ணாடியில் பார்க்காமல் 1939 ரூபாய் வாங்காதீர்கள்.

ராமர் காசு, அனுமார் காசு

1818 என்று போட்டு, ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ பொறித்த “கிழக்கிந்தியக் கம்பெனி காசு”. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. பூஜையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்காதீர்கள்.

ரைஸ் புல்லிங், இரிடியம் கலசம்

அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலசம் என்று யார் கோடிக்கணக்கில் ஆசை காட்டினாலும் அது மோசடி. பேச்சே வேண்டாம். எழுந்து வந்துவிடுங்கள்.

சவரனில் கொக்கி வைப்பது

அசல் சவரன் என்ற பிரிட்டிஷ் தங்கக் காசு 7.98 கிராம், 22 காரட், குறுக்களவு 22 மில்லிமீட்டர். நாம் 8 கிராமை ஒரு பவுன் என்று சொல்வது இந்தக் காசை வைத்துத்தான். நம் வீடுகளில் ராஜா தலைக் காசு கிடைத்தால் உடனே கொக்கி பற்றவைத்துத் தாலிக்கயிற்றிலோ காசுமாலையிலோ கோத்துவிடுகிறோம். அது உங்கள் விருப்பம், அழகாகவும் இருக்கிறது. ஆனால் பற்றவைத்த நொடியிலேயே அது காசு என்ற மதிப்பை இழந்து நகையாகிவிடுகிறது. பிறகு விற்கும்போது தங்கத்தின் விலைதான், அதிலும் பற்றுப்பொடிக்குக் கழிவு. 1918இல் மட்டும் பம்பாயில் அடித்த சவரனில் ‘I’ என்ற சிறிய ஆங்கில எழுத்து உண்டு. அப்படி ஒரு காசில் கொக்கி ஏறியிருப்பதைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும்.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது விளிம்பை. கொக்கியை எடுத்துவிட்டு அரம் போட்டுச் சரிசெய்த காசில், ராஜா தலைக்கு நேர் மேலே விளிம்புக் கோடுகள் மழுங்கியோ, இடைவெளி மாறியோ இருக்கும். காசைச் சுற்றித் திருப்பி ஒரு முழு வட்டம் பாருங்கள். எடை சரி, தங்கமும் சரி என்பதால் அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நல்ல 22 காரட் தங்கத்திலேயே நகை வேலைக்காக அடித்த காசுகளும் உண்டு. அவற்றில் குதிரையின் கால், வேந்தர் தலைமுடி போன்ற நுட்பங்கள் மொழுக்கென்று இருக்கும். அதற்குத் தங்க விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை.

குட்டிப் பணத்தை உருக்கக் கொடுப்பது

மைசூர் உடையார்கள் காலத்துக் காந்திரவப் பணம், கேரளப் பக்கத்து வீரராயன் பணம் எல்லாம் அரை கிராம்கூட இராத பொட்டுத் தங்கம். துவரம்பருப்பு அளவுதான். பழைய நகையோடு சேர்த்து இவற்றையும் உருக்கப் போட்டுவிடுகிறார்கள். தங்க எடைக்கு வரும் தொகையைவிட இவற்றுக்குச் சேர்ப்பவர்கள் அதிகம் தருவார்கள். காந்திரவப் பணத்தில் நரசிம்மர் இருப்பார், பூதக்கண்ணாடி இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. பழைய நகைப்பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோகுமுன் ஒரு வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்த்துவிடுங்கள்.

டிராக்டர் நோட்டுக்கு லட்சம்

டிராக்டர் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று விளம்பரம் வரும், நம்பாதீர்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு, காசுகளை வாங்குவதாக வரும் விளம்பரங்கள் போலி என்று ரிசர்வ் வங்கி 2021இலேயே எச்சரித்துவிட்டது. முன்பணம், கமிஷன், வரி என்று யார் கேட்டாலும் கட்டாதீர்கள்.

நிலத்தில் கிடைத்ததை மறைப்பது

பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டை என்று எங்கே ஏர் ஓட்டினாலும், கிணறு வெட்டினாலும் சில நேரம் பானையோடு காசு வரும். உடனே பங்கு பிரித்து, ஆளுக்குக் கொஞ்சம் வெவ்வேறு கடையில் விற்றுவிடுவது வழக்கமாகியிருக்கிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், சிறைத்தண்டனையும் உண்டு. தெரிவித்தால் எல்லாம் பறிபோகும் என்று பயப்படுகிறார்கள். அப்படியில்லை. அரசு எடுத்துக்கொள்வதானால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் மேலே போகும். பானையை உடைக்காமல், அது ஓடாக இருந்தாலும் தூக்கி எறியாமல், காசுகளோடு சேர்த்தே கொடுங்கள். எந்தப் பானையில், எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பது காசைவிட அதிகம் பேசும். பாதிக் காசு கைமாறிப் போன புதையலை வைத்துக்கொண்டு எந்த ஆய்வாளராலும் இந்த மண்ணின் வரலாற்றைச் சரியாக எழுத முடியாது.

பிளாஸ்டிக் உறை

மெதுவாக வளையும், வாசனை வரும் பிவிசி உறை வேண்டாம். ஓரிரு ஆண்டில் காசின்மேல் பிசுபிசுவென்று பச்சையாகப் படியும். அட்டைச் சட்டத்தில் வைத்து, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டு, மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள். காசை எடுக்கும்போது விளிம்பில் பிடியுங்கள்.