குழந்தைத் தொழிலாளர் ஆய்வுக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனிகளின் சப்ளையர்களை ஆய்வு செய்ய வரும் புதியவர்களுக்கு நான் முதலில் கோகோவைப் பற்றித்தான் சொல்வேன். கோகோத் தோட்டங்களில் மோசமான குழந்தைத் தொழிலை ஒழிப்போம் என்று 2001-ல் ஹார்கின்-எங்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து சாக்லேட் கம்பெனிகள் சறுக்கிய கதை முழுக்க அச்சில் கிடைக்கிறது. நம் பக்கத்துச் சறுக்கல்கள் டீக்கடைப் பேச்சோடு போய்விட்டன.

வயதுச் சான்றைப் பார்க்காமல் விடுவது, போன் செய்துவிட்டுப் போய் நிற்பது இதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. முதல் மாதமே திட்டு வாங்கிச் சரியாகிவிடும்.

‘ஒரு கேஸ்கூட இல்லை’ என்று மகிழ்வது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஜாப் வொர்க் செய்யும் சின்ன யூனிட் ஒன்றில் ஒரு பையன் பசை தடவிக்கொண்டிருந்ததைப் புது ஆய்வாளர் ஒருவர் பிடித்தார். மறுவாரமே அந்த யூனிட்டுக்கு ஆர்டர் நின்றது. அடுத்த ஆண்டு அந்தப் பகுதி முழுக்கச் சுத்தம் என்று அறிக்கை, மேலிடத்தில் பாராட்டு. நடந்தது என்ன? அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் வேலை வீடுகளுக்குப் போய்விட்டது, பையனும் கூடவே போய்விட்டான். இப்போது அவன் காற்றில்லாத அறையில் அதே பசையோடு உட்கார்ந்திருக்கிறான், நம் படிவத்தில் அந்த வீடே இல்லை.

கோகோவிலும் இதே கூத்துதான். கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் அப்பா அம்மாவின் சின்னத் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார்கள். பெரிய கத்தியால் காய் உடைக்கிறார்கள், பாரம் சுமக்கிறார்கள், பூச்சிமருந்துப் பக்கம் போகிறார்கள். கண்டுபிடித்தால் கோகோவை வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தால் எந்தத் தகப்பன் உண்மையைச் சொல்வான்? 2012-ல் நெஸ்லே, சர்வதேச கோகோ முன்முயற்சி அமைப்போடு சேர்ந்து முறையை மாற்றியது. அந்தந்த ஊர் ஆளே வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் பேசுவார். கேஸ் கிடைத்தால் பள்ளிச் சாமான், பிறப்புச் சான்று, அம்மாவுக்கு வேறு வருமானம் என்று உதவி போகும். அப்படித் தேடினால் முதலில் எண்ணிக்கை ஏறும். ஏறத்தான் வேண்டும். ஏறாத ஊரைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

இந்த விஷயத்தில் என்னோடு சண்டை போட்ட மேலாளர்கள் உண்டு. “கேஸ் அதிகமானால் பிராண்டுக்கு என்ன சொல்வது?” என்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள், வேறென்ன?

கெடுவை நம்புவது

கோகோவில் அந்த ஒப்பந்தத்தின் வாக்கை நிறைவேற்ற முதலில் 2005 என்றார்கள், அப்புறம் 2008 என்றார்கள், அதற்கப்புறம் 2020-க்குள் மோசமான வகை வேலைகளை 70 சதவீதம் குறைப்போம் என்றார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் நோர்க் நிறுவனம் 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த இரண்டு நாடுகளிலும் கோகோ வேலையில் இருந்த குழந்தைத் தொழிலாளர்கள் சுமார் 15.6 லட்சம்.

பள்ளிப் பை கொடுத்துப் படம் எடுப்பது

வேண்டாம்.

வரவு செலவைக் கேட்காமல் திரும்புவது

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீட்டில் உட்கார்ந்தால், பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்பதோடு முன்பணம் வாங்கியிருக்கிறார்களா, எப்படி அடைக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். கடன் இருக்கும் வீட்டில் அறிவுரை எடுபடாது. கோகோ விவசாயிகளுக்கு நெஸ்லே 2022-ல் அறிவித்த திட்டத்தில், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, மரங்களைக் கவாத்து செய்வது போன்றவற்றைச் செய்யும் குடும்பத்துக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 500 சுவிஸ் பிராங்க் வரை தருகிறார்கள். அதில் மனைவிக்கும் பங்கு உண்டு. காசு இல்லாத திட்டங்களைப் பார்த்துச் சலித்தவன் என்பதால் இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு டன் கோகோவுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்ற பேச்சை இது மூடிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

‘குடும்பத் தொழில்’ என்று எழுதி முடிப்பது

குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016-ல் வந்த திருத்தம் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, பிள்ளை உதவுவதை அனுமதிக்கிறது. புதியவர்கள் அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டுக் கோப்பை மூடுகிறார்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுப்புகிறார்கள், பசை டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது, பள்ளி வருகைப் பதிவில் திங்கட்கிழமைகள் எப்படி இருக்கின்றன, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.