பழைய வீட்டு வெப்பமூட்டும் அமைப்பு: பாய்லரை மாற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள்

ஒரே பாய்லரில் சூடாக்கிய நீரைக் குழாய்கள் வழியாக எல்லா அறைகளின் ரேடியேட்டர்களுக்கும் (அறையைச் சூடாக்கும் உலோகப் பலகைகளுக்கும்) அனுப்பும் அமைப்பில், ஓர் அறை குளிர்ந்து கிடந்தால் பழி முதலில் பாய்லர் மேல்தான் விழுகிறது. ஆனால் பல ஆண்டுகள் ஓடிய அமைப்பில் கோளாறு பெரும்பாலும் குழாய்க்குள் சுற்றும் நீரில்தான் இருக்கும்: அதில் காற்று புகுந்திருக்கும், துரு சேர்ந்திருக்கும், அல்லது அழுத்தம் குறைந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதிய பாய்லரைப் பொருத்துவது, அடைத்த குழாயின் நுனியில் புதுக் குடத்தை வைப்பது போன்றது.

எதைத் தொடக்கூடாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். எரிவாயு இணைப்பு, எரிகலன், புகைபோக்கி ஆகியவை உரிமம் பெற்ற பணியாளரின் வேலை; பாய்லரின் மூடப்பட்ட உறையையும் வீட்டார் திறக்கக்கூடாது. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, பாய்லரைச் சுற்றிக் கரிப்படலம் தெரிந்தாலோ, வீட்டிலிருப்போருக்குக் காரணமின்றித் தலைவலியும் மயக்கமும் வந்தாலோ, உடனே அதை அணைத்துவிட்டு, சன்னல்களைத் திறந்து, வெளியேறிய பிறகு ஆளை அழைக்க வேண்டும். இவை, எரிபொருள் சரியாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவின் அறிகுறிகளாக இருக்கலாம்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே அதைக் கண்டறியும் அலாரம் ஒன்று பாய்லர் உள்ள வீட்டில் அவசியம். மிகப் பழைய பாய்லர்களின் புகைபோக்கியிலும் குழாய் உறைகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால் அவற்றைச் சுரண்டவோ உடைக்கவோ வேண்டாம்.

இனி ஆய்வு. பாய்லரை அரை மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு ரேடியேட்டரையும் மேலும் கீழும் கையால் தொட்டுப் பாருங்கள். மேற்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது. பாய்லரையும் பம்பையும் நிறுத்தி, நீர் ஆறிய பின், ரேடியேட்டரின் மேல் ஓரத்திலுள்ள சிறு திருகை அதற்குரிய சாவியால் இடப்பக்கமாகக் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை மட்டும் திறந்து, கீழே துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சீறல் நின்று நீர் வந்ததும் மூடிவிடலாம். காற்றை வெளியேற்றியதும் அழுத்தம் குறையும் என்பதால் அழுத்தமானியைப் பார்த்து மறுபடி நீர் நிரப்ப வேண்டும். மாதந்தோறும் இதைச் செய்ய வேண்டியிருந்தால், எங்கோ காற்று உறிஞ்சப்படுகிறது, அல்லது உள்ளே துருப்பிடிக்கும் இரும்பு ஹைட்ரஜனை உண்டாக்குகிறது. அது எரியும் வாயு; காற்றை வெளியேற்றும்போது அருகில் நெருப்பு இருக்கக்கூடாது.

மேலே சூடாகவும் கீழே நடுப்பகுதி குளிராகவும் இருந்தால் அங்கே படிந்திருப்பது மேக்னடைட் எனப்படும் கருந்துருச் சேறு. ரேடியேட்டரிலிருந்து சிறிது நீரை வெள்ளைக் கோப்பையில் எடுத்து, வெளிப்புறத்தில் ஒரு காந்தத்தைப் பிடித்துப் பாருங்கள். கறுப்புத் துகள்கள் அதை நோக்கி நகர்ந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒன்றிரண்டு ரேடியேட்டர்களில் மட்டும் இந்நிலை என்றால், அவற்றின் இருபுற வால்வுகளையும் மூடி, நீரை வடித்து, கழற்றி வெளியே கொண்டுபோய்க் குழாய் நீரால் அலசுவதே சிறந்த வழி. அமைப்பு முழுவதும் சேறாக இருந்தால் சேற்றை இளக்கும் வேதிப்பொருளைக் கலந்து, அதன் உறையில் சொல்லப்பட்ட காலம் வரை ஓடவிட்டு, பிறகு வடித்து அலச வேண்டும். இயந்திரத்தால் வேகமாக நீரைச் செலுத்திக் கழுவும் முறையும் உண்டு. ஆனால் மெலிந்துபோன பழைய மூட்டுகளும் ரேடியேட்டர்களும் அப்போது ஒழுகத் தொடங்கலாம் என்பதால் எடுத்தவுடன் அதை நாட வேண்டியதில்லை. எந்த முறையானாலும், கடைசியில் துருத் தடுப்புத் திரவத்தைக் கலப்பதும், பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டியைப் பொருத்துவதும் தவிர்க்கக்கூடாதவை.

ரேடியேட்டர் முழுவதுமே குளிர்ந்திருந்தால், அறையின் சூட்டுக்கேற்ப அதற்குள் போகும் நீரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைச் சந்தேகியுங்கள். கோடை முழுவதும் அசையாமல் இருந்த வால்வின் ஊசி ஒட்டிக்கொள்வது வழக்கமான கோளாறு. வால்வின் தலையைக் கழற்றினால் ஊசி தெரியும். அழுத்தி விட்டால் அது தானே மேலெழ வேண்டும். எழாவிட்டால் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஊசியோடு நீரும் வந்துவிடக்கூடும். பாய்லருக்கு அருகிலுள்ளவை கொதிக்க, தொலைவிலுள்ளவை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் கோளாறு எதுவும் இல்லை, நீர்ப் பங்கீடுதான் சரியில்லை. முதலில் சூடாகும் ரேடியேட்டர்களின் மறுமுனையில் மூடி போட்டிருக்கும் வால்வைச் சிறிது சிறிதாக இறுக்கினால் நீர் தொலைவுக்குப் போகும். எத்தனை சுற்று இறுக்கினீர்கள் என்று எழுதி வையுங்கள். ஒரு மாலையில் முடியும் வேலையல்ல இது.

மூடிய அமைப்பில், குளிர்ந்த நிலையில் அழுத்தமானி பொதுவாக 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) வரை காட்ட வேண்டும். சூடானதும் முள் 3 பாரை நெருங்கி, ஆறியதும் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கினால், சூட்டில் விரியும் நீருக்கு இடம் தரும் விரிவுக் கலன் தன் காற்றை இழந்திருக்கிறது. அதன் காற்று வால்வை அழுத்தும்போது நீர் வந்தால் உள்ளேயுள்ள சவ்வு கிழிந்துவிட்டது. கலனை மாற்ற வேண்டும். கலன் பாய்லரின் உறைக்குள் இருந்தால் அதைப் பணியாளரிடம் விட்டுவிடுங்கள். முள் சூட்டைப் பொருட்படுத்தாமல் மெல்ல மெல்ல இறங்குகிறது என்றால் எங்கோ கசிகிறது. வாரந்தோறும் நீர் நிரப்பிச் சமாளிப்பது பலருக்குப் பழகிவிடுகிறது; ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் புதிய ஆக்சிஜன் உள்ளே போய் இரும்பைத் தின்கிறது, சேறு பெருகுகிறது. மேற்கூரைக்கடியில் சிறு தொட்டி வைத்த திறந்த அமைப்பானால், அதன் மிதவை ஒட்டிக்கொண்டு தொட்டி வற்றியிருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள்.

இத்தனையும் சரியான பின்பே மேம்பாட்டைப் பற்றி யோசிப்பது பொருந்தும். பாய்லரைவிடக் கட்டுப்பாட்டுக் கருவிகள் மலிவானவை, பலன் விரைவில் தெரியும். அறையின் சூட்டை அளந்து பாய்லரை இயக்கி நிறுத்தும் சுவர்த் தெர்மோஸ்டாட் இருக்கும் அறையைத் தவிர மற்ற அறைகளின் ரேடியேட்டர்களில் தெர்மோஸ்டாட் வால்வுகளைப் பொருத்துங்கள். அதே அறையில் இரண்டும் இருந்தால் ஒன்றை ஒன்று குழப்பும்.

பாய்லரை மாற்றத்தான் வேண்டும் என்றால், பழையதன் கிலோவாட் அளவையே மறுபடி வாங்காதீர்கள். அறைக்கு அறை வெப்ப இழப்பைக் கணக்கிடச் சொல்லுங்கள். தேவைக்கு மேல் பெரிய பாய்லர் அடிக்கடி எரிந்து அணைந்து எரிபொருளையும் பாகங்களையும் வீணாக்கும். புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் மீட்கும் கண்டென்சிங் பாய்லர், திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் அந்தப் பலனைத் தரும். பழைய பழக்கத்தில் 80 டிகிரியில் வைத்து ஓட்டினால் கூடுதலாகக் கொடுத்த பணத்துக்குப் பயன் மிகக் குறைவு. நீரின் வெப்பநிலையைக் குறைத்தால் ரேடியேட்டரின் வெப்பமும் குறையும்: நீருக்கும் அறைக்கும் உள்ள வேறுபாடு 50 டிகிரியிலிருந்து 30 ஆனால், கிடைப்பது ஏறக்குறைய பாதிதான். ஆகவே சில அறைகளுக்குப் பெரிய ரேடியேட்டர் தேவைப்படலாம். எவை என்று அறிய, கடுங்குளிர் நாட்கள் சிலவற்றில் பாய்லர் நீரை 55 டிகிரிக்கு இறக்கி, எந்த அறை பின்தங்குகிறது என்று பாருங்கள். பழைய வகைப் பாய்லரை நெடுங்காலம் அப்படி ஓட்டக்கூடாது. அதன் உட்புறத்தில் ஈரம் படிந்து அரிக்கும். ஆனால் சேமிப்புத் தொட்டியிலுள்ள குளியல் நீரை, நுரையீரல் நோய் உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகாதிருக்க, 60 டிகிரியிலேயே வைத்திருக்க வேண்டும். பின்னாளில், வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் வெப்பப் பம்புக்கு மாற நினைப்பவர்களுக்கும் இதே 55 டிகிரிச் சோதனை போதும். 55 டிகிரியில் தாங்காத அறைகளைத்தான் அதற்கு முன் சீர்செய்ய வேண்டியிருக்கும்.