பிரசெல்ஸ் மேல் பழி விழும்போது எங்கே பார்க்க வேண்டும்?

“எங்கள் கையில் ஒன்றும் இல்லை, பிரசெல்ஸ் சொல்கிறது, செய்கிறோம்.” ஐரோப்பிய அமைச்சர்களின் பேச்சுகளை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு, இந்த வசனம் எனக்கு மனப்பாடம். பிரசெல்ஸ் என்று அவர்கள் சொல்வது, அந்த நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்தை. பெரும்பாலும் அது பாதி உண்மை. எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க நான் பின்பற்றும் வழி இது.

முதலில் சட்டத்தின் வகையைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ரெகுலேஷன்’ என்றால் 27 நாடுகளிலும் அது நேரடியாகச் சட்டம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த, தனிநபர் தரவுகளைப் பாதுகாக்கும் ஜிடிபிஆர் இந்த ரகம். ‘டைரக்டிவ்’ என்றால் கதை வேறு. எதைச் சாதிக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பதை அது சொல்லும். எப்படி என்பதை அந்தந்த நாடு தனிச் சட்டம் போட்டு முடிவு செய்துகொள்ளும். உள்நாட்டு அரசியல் புகுந்து விளையாடுவது இங்கேதான். யூர்-லெக்ஸ் என்ற அதிகாரபூர்வத் தளத்தில் ஒரு டைரக்டிவின் பக்கத்தைத் திறந்தால், எந்த நாடு எந்தச் சட்டத்தின் வழியாக அதை நிறைவேற்றியது என்ற பட்டியல் கிடைக்கும். இரண்டு நாட்டுச் சட்டங்களை அருகருகே வைத்துப் படியுங்கள். மூலத்தில் இல்லாத ஒரு கட்டுப்பாடு அதில் இருந்தால், அது அந்த அரசே சேர்த்துக்கொண்டது.

அப்புறம், யார் வாக்களித்தார்கள்? உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் கவுன்சிலில் பெரும்பாலான சட்டங்கள் நிறைவேற 55 சதவீத நாடுகளும், ஒன்றிய மக்கள்தொகையில் 65 சதவீதமும் சேர வேண்டும். எதிர்த்துத் தோற்ற நாட்டையும் சட்டம் கட்டுப்படுத்தும். ஆகவே புலம்புகிற அமைச்சரின் அரசு உண்மையிலேயே எதிர்த்ததா என்று பார்த்துவிடுங்கள். வாக்கு விவரத்தைக் கவுன்சில் வெளியிடுகிறது. அங்கே ஆதரவாகக் கையைத் தூக்கிவிட்டு, ஊர் திரும்பி பிரசெல்ஸைத் திட்டுகிறவர்கள் தாராளமாக உண்டு. டென்மார்க்கில் இந்த வித்தை அவ்வளவு எளிதில் பலிக்காது. முக்கியமான விஷயங்களில் அமைச்சர் பேச்சுவார்த்தைக்குப் போகும் முன்பே நாடாளுமன்றத்தின் ஐரோப்பிய விவகாரக் குழுவிடம் ஒப்புதல் வாங்கியாக வேண்டும்.

அடுத்தது நீதிமன்றம். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒன்றியச் சட்டமும் உள்நாட்டுச் சட்டமும் மோதினால் ஒன்றியச் சட்டமே நிற்கும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1964-லேயே தீர்ப்பளித்துவிட்டது. அதன் விளைவு ஒரு நாட்டின் அரசியலை எப்படிப் புரட்டும் என்பதற்கு நெதர்லாந்தைப் பாருங்கள். 1992-இல் வந்த வாழிடப் பாதுகாப்பு டைரக்டிவ், பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிக்குக் கேடு வராது என்று உறுதியானால்தான் அருகே ஒரு திட்டத்துக்கு அனுமதி தரலாம் என்கிறது. இத்தனை மாடுதான் வளர்க்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் மாட்டுச் சாணத்திலிருந்து வரும் அம்மோனியாவில் உள்ள நைட்ரஜன் அந்தப் பகுதிகளைக் கெடுக்கும்; அந்த நாட்டுக்கு அது பெரிய தலைவலி. 2015-இல் டச்சு அரசு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது: நைட்ரஜன் மாசு பின்னால் குறையப்போகிறது என்ற கணக்கை வைத்து இன்றே அனுமதி. இன்னும் நடக்காத குறைப்பை இப்படிக் கணக்கில் சேர்க்க முடியாது என்ற வகையில் ஐரோப்பிய நீதிமன்றம் 2018 நவம்பரில் விளக்கம் தந்தது. 2019 மே மாதம் டச்சு நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமே அந்தத் திட்டத்தை ரத்து செய்தது.

வீடு, சாலை, மாட்டுக்கொட்டகை என்று எல்லாவற்றுக்கும் அனுமதி சிக்கிக்கொண்டது. அக்டோபரில் விவசாயிகள் டிராக்டர்களோடு, டச்சு அரசு இயங்கும் ஹேக் நகருக்குள் புகுந்தார்கள். 2020 மார்ச் முதல் நெடுஞ்சாலையில் பகல்நேர வேகம் மணிக்கு 100 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது, அதுவும் நைட்ரஜனுக்காகத்தான். 2019-இல் தொடங்கிய விவசாயிகள்-குடிமக்கள் இயக்கம் 2023 மார்ச் மாகாணத் தேர்தலில் முதலிடம் பிடித்து, மாகாண உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் மேலவையின் 75 இடங்களில் 16-ஐப் பெற்றது. இதில் பிரசெல்ஸின் பங்கு எவ்வளவு? விதி அங்கிருந்து வந்தது. குறுக்குவழியைத் தேர்ந்தெடுத்தது ஹேக். கோபம் இரண்டு பக்கமும் போனதில் ஆச்சரியமில்லை.

கடைசியாகப் பணம். பட்ஜெட் பற்றாக்குறை ஜிடிபியில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த வரம்பு. ஆனால் இத்தாலி 2018-இல் திட்டமிட்டது 2.4 சதவீதம்தான், கடன் சுமையைக் காட்டி ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் அந்த பட்ஜெட் வரைவையே திருப்பி அனுப்பியது. ஒரு துளிகூட மாற்ற மாட்டோம் என்று ரோமில் சவால் விட்டார்கள். டிசம்பரில் 2.04-க்கு இறங்கி வந்தார்கள். 3 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் இந்தச் சண்டை ஏன் வந்தது என்றே புரியாது.

நிதியமைச்சர் யாராவது “அபராதம் விழும்” என்று பயமுறுத்தினால், முதலில் அந்த நாட்டு நாணயம் எது என்று பாருங்கள். ஸ்வீடனுக்கும் போலந்துக்கும் அதே 3 சதவீத வரம்பு உண்டு, ஆனால் இந்த அபராதம் யூரோ நாடுகளுக்கு மட்டும். அப்புறம் 2016-ஐப் பாருங்கள். பற்றாக்குறையைக் குறைக்கப் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று ஸ்பெயின் மீதும் போர்ச்சுகல் மீதும் முடிவானது. விதிக்கப்பட்ட அபராதம்: பூஜ்யம்.