பாட்டிக்கு நீல ஐசி: எங்கிருந்து தொடங்குவது?

மலேசியாவின் பினாங்கில் பேரப்பிள்ளைகள் விரலில் மையோடு வீடு திரும்பும் தேர்தல் நாளில், சிவப்பு ஐசி (நிரந்தரவாசியின் அடையாள அட்டை) வைத்திருக்கும் பாட்டி வீட்டிலேயே இருக்கிறார். ஓட்டுப் போட, குடிமக்களுக்கு உரிய நீல ஐசி வேண்டும். இதை இப்படியே விடக்கூடாது.

1. பிறந்த இடம், தேதி

விண்ணப்பப் பாரத்தைத் தொடும் முன் இதைப் பாருங்கள். மெர்டேகா நாளுக்கும் (சுதந்திர நாள், 1957 ஆகஸ்ட் 31) 1962 அக்டோபருக்கும் இடையில் மலாயாவில் பிறந்தவர் பொதுவாகச் சட்டப்படியே குடிமகன். சான்று காட்டினால் போதும். மெர்டேகாவுக்கு முன் இங்கே பிறந்தவருக்கு அரசியலமைப்பின் 16வது விதி: கடந்த 7 ஆண்டுகளில் 5 ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும், ஓரளவு மலாய் தெரிய வேண்டும். இந்தியாவில் பிறந்து வந்தவருக்கு 19வது விதி: 12 ஆண்டுகளில் 10 ஆண்டு, அதில் கடைசி 12 மாதம் முழுமையாக. மலாயும் போதிய அளவு வேண்டும். இந்த விதியில் தகுதி இருந்தாலும் தருவது அரசாங்கத்தின் முடிவுதான்.

2. பத்திரங்கள்

பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். உதாரணமாக, பிறப்புப் பத்திரத்தில் முனியம்மாவுக்கு ஒரு ‘எம்’, ஐசியில் இரண்டு, கல்யாணப் பத்திரத்தில் கடைசியில் ஒரு ‘எச்’. அந்தக் காலத்தில் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதியது அது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எடுத்து வையுங்கள்.

பிறப்புப் பத்திரமே இல்லையா? தோட்டப் பள்ளிப் பதிவேடு, தோட்ட ஆஸ்பத்திரி ஏடு எல்லாம் தேடுங்கள். நிபோங் திபால் பக்கம் தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியாகிவிட்டால் தேடுவது கஷ்டம். அதனால் விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

3. விண்ணப்பம்

தேசியப் பதிவிலாகாவில் உங்கள் விதிக்கு உரிய பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அசலும் நகலும் கொண்டுபோங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

4. நேர்காணல்

சந்தையில் சரளமாக மலாய் பேசும் பாட்டி அதிகாரி முன் வாயடைத்துப் போவார். பெயர், முகவரி, பிள்ளைகள், செய்த வேலை என்று வீட்டிலேயே தினமும் மலாயில் கேட்டுப் பழக்குங்கள்.

அப்புறம் காத்திருப்பு. வருடக்கணக்கில் இழுத்ததும், காரணம் சொல்லாமல் மறுத்ததும் உண்டு. வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவருக்கு இது அநியாயம். மறுத்தால் மறுபடியும் விண்ணப்பியுங்கள்.

5. ஓட்டு

2021 டிசம்பர் 15 முதல் வாக்காளர் பதிவு தானாகவே நடக்கிறது. ஆனாலும் தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். ஐசி முகவரிப்படிதான் தொகுதி அமையும். வயதில் மூத்தவர்கள் வழக்கமாக முதல் சாலுரானில் (ஓட்டுப் போடும் வரிசையில்) இருப்பார்கள். வாக்குச்சாவடிப் பள்ளியில் எந்த வகுப்பறை என்று முன்பே பார்த்து வைத்தால் பாட்டி அலைய வேண்டியதில்லை.