மதுரையிலிருந்து வளர்ப்புப் பறவையை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வது எப்படி?

வேலைக்காகவோ பிள்ளைகளோடு தங்குவதற்காகவோ மதுரையை விட்டு வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறவர்கள், வீட்டில் வளரும் பறவையையும் உடன் அழைத்துச் செல்ல விரும்பினால், பெரும்பாலும் விமானச் சீட்டு எடுப்பதில்தான் தொடங்குகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. பறவையின் இனம் எது, போகும் நாடு அதை உள்ளே விடுமா, இந்தியா அதை வெளியே அனுப்புமா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்துபூர்வமான விடை கிடைத்த பிறகே பயண நாளைக் குறிக்க வேண்டும். இதற்கு ஆறு மாத அவகாசமாவது வைத்துக்கொள்வது நல்லது.

படி 1: இனத்தை உறுதி செய்யுங்கள்

நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் பட்ஜி என்னும் வேறொரு சிறு கிளியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். விண்ணப்பங்களில் கடைப்பெயர் செல்லாது, அறிவியல் பெயர்தான் வேண்டும். இதில் ஏன் இவ்வளவு கவனம் தேவை என்றால், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்த 1973-இல் உருவாகி 1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் ஒப்பந்தம், ஏறக்குறைய எல்லாக் கிளி இனங்களையும் தன் பட்டியல்களில் சேர்த்திருக்கிறது. பட்ஜி, காக்டெயில், பீச் ஃபேஸ்டு லவ் பேர்ட், நம் பச்சைக்கிளி ஆகிய நான்கு மட்டுமே அதற்கு விலக்கு. சன் கானூரும், கிளி அல்லாத ஜாவா குருவியும் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 2017 ஜனவரியிலிருந்து மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது.

ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் வைத்திருப்பவர்கள் அதன் கண்ணைச் சுற்றிப் பாருங்கள். இறகில்லாத வெள்ளை வளையம் பளிச்சென்று தெரிந்தால் அது ஃபிஷர் போன்ற வேறொரு லவ் பேர்ட் இனமாக இருக்கலாம், அதற்கு சைட்டிஸ் அனுமதி வேண்டும். வளையம் இல்லாமல் முகம் பீச் பழ நிறத்தில் இருந்தால் பீச் ஃபேஸ்டு. இரண்டும் கலந்து பிறந்த குஞ்சுகளும் கடைகளில் விற்கப்படுவதால், பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டி இனப்பெயரை எழுதி வாங்குவதே பாதுகாப்பானது.

பச்சைக்கிளி, மலை மைனா, முனியா போன்ற நம் நாட்டுப் பறவைகளுக்கு இந்தப் பயணமே கிடையாது. 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். மீனாட்சியின் கையில் கிளியைப் பார்த்து வளர்ந்த, கோயிலில் கிளிக்கூண்டு மண்டபமே உள்ள ஊரில் இதைச் சொல்வது சிலருக்கு வருத்தம் தரும் என்று தெரியும். ஆயினும் சட்டம் தெளிவாக இருக்கிறது. அப்படி ஒரு கிளி உங்களிடம் இருந்தால் அதைத் திறந்து பறக்கவிடாதீர்கள். கூண்டில் வளர்ந்தது வெளியே இரை தேடிப் பிழைக்காது. மாவட்ட வன அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

படி 2: போகும் நாட்டின் விதியைப் படியுங்கள்

நியூசிலாந்தைத் தவிர வேறு எந்த நாட்டிலிருந்தும் வளர்ப்புப் பறவைகளை ஆஸ்திரேலியா ஏற்பதில்லை. ஆகவே மெல்போர்னுக்குப் போகும் குடும்பம் இந்தப் படியிலேயே நின்றுவிட வேண்டியதுதான். அமெரிக்காவுக்கு அந்நாட்டு வேளாண் துறையின் இறக்குமதி அனுமதி முன்கூட்டியே வேண்டும், போய் இறங்கியதும் அத்துறையின் தனிமைப்படுத்தும் நிலையத்தில் 30 நாள் வைத்திருப்பார்கள். அதற்கான கட்டணம் உரிமையாளருடையது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு உரிமையாளருடன் ஐந்து பறவைகள் வரை போகலாம் என்றாலும், பறவைக் காய்ச்சல் தொடர்பான தனிமைப்படுத்தல், பரிசோதனை, தடுப்பூசி போன்ற நிபந்தனைகள் உண்டு. இரண்டாம் பட்டியல் இனங்களுக்கும் அங்கே தனியாக இறக்குமதி அனுமதி கேட்பார்கள். வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள், முகவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல், அந்நாட்டுக் கால்நடைத் துறையின் தளத்திலேயே அன்றைய விதியைப் பார்க்க வேண்டும்.

அன்றைய விதி என்று சொல்லக் காரணம் பறவைக் காய்ச்சல். 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது முதல், அந்நோயைத் தரும் எச்5என்1 வைரஸ் நம் நாட்டின் ஏதாவதொரு மாநிலத்தில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. ஆலப்புழைப் பண்ணை வாத்துகளுக்கு நோய் வந்தால், மதுரையில் கூண்டுக்குள் இருக்கும் காக்டெயிலுக்கும் சில நாடுகள் அன்றே கதவை மூடிவிடும். ஆகவே அனுமதி கையில் இருந்தாலும் புறப்படும் வாரத்தில் மறுபடி ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இடையில் விமானம் மாறும் நாட்டுக்கும் இதே விசாரணை தேவை.

படி 3: இந்திய ஆவணங்கள்

சைட்டிஸ் பட்டியலிலுள்ள பறவையை வைத்திருப்பவர்கள் அதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் வெளியான விதிகள் கூறுகின்றன. புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள் பதிய வேண்டும். இந்தப் பதிவு இல்லாத பறவைக்கு வெளியே செல்லும் அனுமதி கேட்பது வீண் முயற்சி. வாங்கிய ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள். கடைக்காரர் கொடுத்த டிஎன்ஏ அட்டையையே உரிமைச் சான்று என்று பலர் பத்திரப்படுத்துகிறார்கள். அது பறவை ஆணா பெண்ணா என்று மட்டுமே சொல்லும். குஞ்சாக இருக்கும்போதே காலில் மாட்டிய மூடிய வளையத்தின் எண் அல்லது மைக்ரோசிப் எண்தான் அடையாளம், அந்த எண் எல்லாக் காகிதங்களிலும் ஓர் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும்.

பதிவு முடிந்ததும் சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். முதல் பட்டியல் பறவையாக இருந்தால், போகும் நாட்டின் இறக்குமதி அனுமதி வந்த பிறகே ஏற்றுமதி அனுமதி கிடைக்கும். இந்த வரிசையை மாற்ற முடியாது. ஏற்றுமதி அனுமதி அதிகபட்சம் ஆறு மாதம் செல்லும். இதோடு, வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் ஏற்றுமதிப் பட்டியலில் உங்கள் இனத்துக்கு உரிமம் தேவையா என்பதையும் பார்த்துவிடுங்கள். பட்ஜி, காக்டெயில் வைத்திருப்பவர்களுக்கு சைட்டிஸ் வேலை இல்லை, மற்றவை உண்டு.

படி 4: உடல்நலச் சான்று

மதுரையில் அரசுக் கால்நடை மருத்துவரிடம் முதல் பரிசோதனையை முடிக்கலாம். பறவைக் காய்ச்சல் பரிசோதனை கேட்கும் நாடுகளுக்குத் தொண்டையிலும் எச்சத் துவாரத்திலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுக்கப்படும். இந்நோய்க்கான தேசிய ஆய்வகம் போபாலில் இருப்பதால், மாதிரி போய்ச் சேர்ந்து முடிவு வரும் நாட்களையும் கணக்கில் வையுங்கள். பயண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி மாதிரி எடுக்கும் தேதியைக் குறிப்பதே சரியான முறை.

படி 5: கூண்டும் பழக்கமும்

பெரும்பாலான விமான நிறுவனங்கள் பறவையைப் பயணிகள் பகுதியில் அனுமதிக்காமல் சரக்காகவே ஏற்றுகின்றன. கூண்டு பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் உயிருள்ள விலங்குகளுக்கான விதிப்படி இருக்க வேண்டும். கிளி அலகால் கடித்துத் திறக்க முடியாத மரமோ கம்பிவலையோ வேண்டும். நல்ல காற்றோட்டம் வேண்டும். உள்ளே கையை விடாமலே தண்ணீரும் தீனியும் வைக்கும் வசதி வேண்டும். உட்காரும் குச்சியைப் பொருத்தும்போது பறவையை அதன்மேல் உட்காரவைத்துப் பாருங்கள். வால் தரையில் உரசக் கூடாது, தலை கூரையில் முட்டக் கூடாது, விரல்கள் குச்சியைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தில் சிறு ஸ்பாஞ்சு போட்டால் விமானம் அசையும்போது சிந்தாது. கூடவே ஆப்பிள், வெள்ளரித் துண்டுகள் வைத்தால் தண்ணீர் குறைந்தாலும் தாங்கும். ஆடும் பொம்மைகளைக் கழற்றிவிடுங்கள்.

இந்தக் கூண்டைப் பயணத்துக்கு முதல் நாள் காட்டுவது கொடுமை. சில வாரங்களுக்கு முன்பே கூடத்தில் வைத்து, கதவைத் திறந்துவிட்டு, அதற்குப் பிடித்த தீனியை உள்ளே போட்டு, அதுவாகப் போய் வரும் இடமாக்குங்கள். மயக்க மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். குச்சியைப் பிடித்து நிற்க முடியாமலும் மூச்சு திணறியும் பறவை இறந்துபோகலாம்.

படி 6: சென்னை வழியாகப் புறப்படுதல்

மதுரையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் இருந்தாலும், மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம் இங்கே இல்லை. தமிழ்நாட்டில் அது சென்னைப் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. அங்கே பறவையை நேரில் காட்டி ஏற்றுமதிச் சான்று பெற வேண்டும். வெளியே போகும் உயிரினங்களைச் சரிபார்க்கும் வனஉயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவின் தென்மண்டல அலுவலகமும் சென்னையிலேயே இருப்பதால், அங்கிருந்து புறப்படுவதே எளிது. சித்திரை, வைகாசி வெயிலில் பகலில் காரில் போகாதீர்கள். இரவில் கிளம்பி விடிவதற்குள் சேர்ந்துவிடலாம். சான்றுகளின் மூலப்பிரதி உங்கள் கையிலும், நகல் கூண்டின்மேல் ஒட்டிய உறையிலும் இருக்கட்டும்.

அழைத்துச் செல்ல முடியாது என்று முடிவானால், பறவையை அவசரமாகக் கடையில் விடாமல், அதற்குப் பழகிய சித்தப்பா வீட்டிலோ அத்தை வீட்டிலோ விட ஏற்பாடு செய்யுங்கள். சைட்டிஸ் பட்டியல் பறவையாக இருந்தால், அது கைமாறியதையும் பரிவேஷ் தளத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் கடல் கடந்த பிறகும் பதிவு உங்கள் பெயரிலேயே இருக்கும், விசாரணை வரும்போது பறவையை வைத்திருக்கும் உறவினரிடம் காட்ட ஒரு காகிதமும் இருக்காது.