கடலோர ஊரில் காருக்குச் செராமிக் கோட்டிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயின்டைக் காக்க அதன்மேல் பூசும் திரவமான செராமிக் கோட்டிங், காய்ந்தபின் பெரும்பாலும் 1, 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்தான் இருக்கும். அடியில் இருக்கும் கிளியர் கோட்டே, அதாவது பெயின்டின் நிறமற்ற மேல்பூச்சே, 40, 50 மைக்ரான். இவ்வளவு மெல்லிய படலம் எந்தக் குறையையும் மறைக்காது. சுழல் கீறலோ உப்புக்கறையோ அடியில் இருந்தால், அதை இன்னும் எடுப்பாகக் காட்டும். கடலூரிலும் புதுச்சேரியிலும் சீக்கிரம் கெட்டுப்போகும் கோட்டிங்குகளில், பாட்டிலின் தரத்தைவிட பூசுமுன் செய்யாமல் விட்ட வேலைக்கும் பிறகு ஊற்றிய தண்ணீருக்குமே பங்கு அதிகம்.

ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டு நேரே கோட்டிங் பூசுவது முதல் தவறு. கழுவியபின் இரும்புத் துகளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் அடித்து 3 முதல் 5 நிமிடம் விட வேண்டும். இரும்புத் துகள் இருக்கும் இடம் ஊதாவாக மாறும். காய விடாமல் கழுவிவிட வேண்டும். பிறகு ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற க்ளே பார், அதன்பின் பாலிஷ். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறல்களை நிரப்பிக்கொண்டு நிற்பதால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலவையால் துடைத்தே ஆக வேண்டும். இதை விட்டால் கோட்டிங் பெயின்டைப் பிடிக்காமல் எண்ணெயைப் பிடிக்கும். சில வாரங்களில் போய்விடும். புது வண்டிக்கும் இதே வேலைதான். யார்டில் வெயிலிலும் தூசியிலும் நின்றுதான் அது ஷோரூமுக்கு வருகிறது.

டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த கதவுக்கு உடனே கோட்டிங் வேண்டாம். உள்ளிருக்கும் தின்னர் வெளியேறக் குறைந்தது 30 நாள் விடுங்கள். பெயின்ட் கொப்பளித்த இடத்தில் துரு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேல் பூசுவது பணத்தை வீணாக்குவதுதான்.

பூசும் நேரம் இந்தக் கரையில் தனிக் கணக்கு. சூடும் ஈரப்பதமும் கூடினால் கோட்டிங் வேகமாக இறுகி, துடைக்குமுன் திட்டுத்திட்டாக நின்றுவிடும். மே மாத வெயிலில் திறந்தவெளியில் பூசவே கூடாது. பானெட்டில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடியாவிட்டால் அது பூசும் சூடு இல்லை. கூரையுள்ள இடத்தில், ஒன்றரை அடிச் சதுரமாக, குறுக்கும் நெடுக்குமாகத் தடவி, வானவில் நிறம் தெரிந்ததும் துடைத்துவிடுங்கள். பாட்டிலில் 3 நிமிடம் என்று போட்டிருந்தாலும் கண்ணை நம்புங்கள். ஒவ்வொரு பகுதியையும் பக்கவாட்டில் எல்இடி வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். அன்றே கண்ட திட்டை அதே கோட்டிங்கைச் சிறிது தடவித் துடைத்தால் எடுக்கலாம். மறுநாள் என்றால் பாலிஷ் மெஷின்தான். துடைத்த துணியை மறுபடி பயன்படுத்தாதீர்கள். அதில் இறுகிய படிகங்கள் பெயின்டைக் கீறும். சிறிய காருக்கு 30 மி.லி. போதும், திறந்த பாட்டிலை மிச்சம் வைத்தால் கட்டியாகிவிடும்.

மழை இல்லை என்று மார்கழி, தை மாதத்தில் பூசுபவர்கள் பனியை மறந்துவிடுகிறார்கள். புதுக் கோட்டிங்மேல் இரவுப் பனி இறங்கினால் காலையில் புள்ளி புள்ளியாகக் கறை நிற்கும். முதல் 24 மணி நேரம் வண்டி கூரைக்கடியில் இருக்கட்டும். ஒரு வாரம் ஷாம்பு படக்கூடாது.

பராமரிப்பில் பெரிய எதிரி போர் தண்ணீர். கோட்டிங் போட்ட வண்டியில் நீர் முத்து முத்தாக நிற்கும். அதை வெயிலில் காய விட்டால் ஒவ்வொரு முத்தும் சுண்ணாம்பு வளையமாகப் படியும். 'கோட்டிங் இருக்கிறதே, துடைக்க வேண்டாம்' என்ற எண்ணம்தான் இங்கே அதிக வண்டிகளைக் கெடுக்கிறது. அதைவிட மோசம், ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீரில் கழுவுவது. போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். நிழலில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ சுத்திகரித்த நீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ 5 லிட்டர் ஸ்ப்ரேயரில் அடித்து, தடித்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். வளையம் விழுந்துவிட்டால் வெள்ளை வினிகரும் நீரும் சமபங்கு கலந்து, ஒரு நிமிடத்துக்குள் துடைத்து, நல்ல நீரில் அலசுங்கள்.

கடலூர் சில்வர் பீச் போய்வந்த வண்டியை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, மணல் அரைக்கும். முதலில் நீரை அடித்து இறக்குங்கள். பாத்திரச் சோப்பு, சலவைத்தூள், வாட்டர் வாஷ் கடைகளில் அடிக்கும் டீசல் எதுவும் பாடியில் படவேண்டாம். அமிலமும் காரமும் இல்லாத, பிஎச் சமமான ஷாம்பு போதும். காக்கை எச்சம் வெயிலில் சில மணி நேரத்திலேயே அரிக்கும். தேய்க்காமல், ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து எடுங்கள்.

நீர் முத்தாக நிற்காவிட்டால் கோட்டிங் போய்விட்டது என்று மறுபடி பணம் கட்டிவிடாதீர்கள். உப்பும் தூசியும் படிந்தாலும் அப்படித்தான் இருக்கும். அயர்ன் ரிமூவர் அடித்து, கறைக்கு வினிகர் கலவை போட்டு அலசிப் பாருங்கள். முத்து திரும்பினால் கோட்டிங் இருக்கிறது. கதவின் அடிவிளிம்பு, வடிகால் துளை, அடிச்சட்டமான சேஸிஸ் ஆகியவற்றை எந்தக் கோட்டிங்கும் காக்காது. கடற்காற்றின் துரு அங்கேதான் தொடங்கும். மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல நீரில் அலசி, வடிகால் துளைகளில் அடைத்த மண்ணைக் குச்சியால் எடுத்துவிடுங்கள்.